மீன் என்று எழுதியிருந்த பெட்டி

அத்தியாயம் 7

மைனஸ் இருபது டிகிரியில் மனிதனுக்கு முதலில் மரத்துப்போவது மூக்கு. அடுத்தது காது. வாய் எப்போது மரத்துப்போகும் என்று டமாரத்துக்குத் தெரியாது. அவனுக்கு அது நடந்ததே இல்லை.

"அக்கா, என் மூக்கு இருக்கானு கொஞ்சம் பாரேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

"இருக்கு. வேலை நேரத்துல மேடம்னு கூப்பிடு."

"மேடம், மூக்கு இருக்குங்களா?"

ஊசி அலமாரிகளைப் பார்க்கத் தொடங்கினாள். துப்பறியும் அலுவலகம் வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது அவளுக்கு. ஒல்லி உடம்பு, கூர்மையான பார்வை, குத்தலான பேச்சு. ஊசி என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. உதவியாள் கூடப்பிறந்த தம்பி. காதில் விழுந்ததை அரை மணிக்குள் தெரு முழுக்கச் சேர்த்துவிடுவான் என்பதால் சின்ன வயதிலேயே வீட்டில் டமாரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரகசியம் காப்பதே பிழைப்பாக இருக்கிற இடத்தில் இவனை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொல்வாள்: "வெளியில விட்டா இன்னும் ஆபத்து."

இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தது ஒரு குளிர்கிடங்கின் நான்காம் அறையில். கடிகாரத்தில் மதியம் ஒன்றரை. கிடங்கில் கொடுத்த குளிர்கோட்டு டமாரத்துக்கு வயிற்றோடு நின்றுவிட்டது, மேலே பொத்தான் போட முடியவில்லை.

விவகாரம் இதுதான். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இந்த அறையின் கதவு மூன்று மணி நேரம் திறந்து கிடந்தது. உள்ளே அடுக்கியிருந்த பட்டாணி மூட்டைகள் அத்தனையும் உருகிக் கூழாகிவிட்டன. அறையில் சூடு ஏறினால் உடனே அலறவேண்டிய அலாரம் அன்றைக்கு அலறவில்லை, யாரோ அணைத்திருந்தார்கள். கதவுகளுக்கு மேற்பார்வையாளராக இருந்த பெண்தான் அலாரத்தையும் அணைத்துவிட்டு, கதவையும் திறந்து போட்டுவிட்டுப் போனாள் என்று நிர்வாகம் அவளை வேலையிலிருந்து தூக்கிவிட்டது. கதவு ரப்பர் கிழிந்து கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று பத்து நாளாகத் தொண்டை வற்றக் கத்தினேன், அலாரத்தை நான் தொடவே இல்லை என்று அவள் வழக்குப் போட்டாள்.

யார் சொல்வது நிஜம் என்று தெரிந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான். அறைக்குள் இருந்த வெப்பப் பதிவுப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். அலாரத்தை யாருடைய அடையாள அட்டை அணைத்தது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. பெட்டி வந்தால் அவள் தலை நிமிர்ந்து நடக்கலாம். வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. அப்புறம் எந்தக் கிடங்குக்காரனும் அவளை வாசலில்கூட நிற்கவிட மாட்டான். அவளுக்கோ இதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அவளுடைய வக்கீல் அப்போதே நோட்டீஸ் அனுப்பியிருந்தார். வழக்கோடு சம்பந்தப்பட்ட எந்த மின்னணுச் சாதனத்தையும் அழிக்கக்கூடாது, மாற்றக்கூடாது, அணைக்கக்கூடாது, விசாரணை வரைக்கும் கெடாமல் பாதுகாக்க வேண்டும். இதே நோட்டீஸ் வேறு எந்தக் கம்பெனிக்குப் போயிருந்தாலும் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். இவர்கள் முப்பது வருடமாகக் கெடாமல் பாதுகாப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள். தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் பாதுகாத்துவிட்டார்கள்.

அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன: ஒரு கம்ப்யூட்டர், தனி அட்டைப்பெட்டியில் அதன் மவுஸ், இரண்டு செல்போன், ஒரு கால்குலேட்டர், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு காபி மெஷின். எல்லாவற்றின் மேலும் விரல்கடை உயரத்துக்கு வெண்பனி. எல்லாவற்றின் மேலும் லேபிள். சரக்கு எண், எடை, உள்ளே வந்த தேதி, காலாவதித் தேதி.

"காபி மெஷின் எதுக்கு சார்?" என்றான் டமாரம். "அது என்ன சாட்சி சொல்லப்போகுது?"

"அதுல சிவப்பு லைட் எரியும். மின்னணுதானே?" என்றார் மேனேஜர். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற பெருமை முகத்தில் வழிந்தது. "மூணு மாசமா எங்க ஸ்டாஃப் யாருக்கும் காபி கிடையாது. நீதிமன்றத்து மேல அவ்வளவு மரியாதை."

"காலாவதித் தேதி எதுக்கு?" ஊசி கேட்டாள்.

"அது எங்க லேபிள் மெஷின் கேக்கும் மேடம். என்ன சரக்குனு சொல்லாம லேபிள் அடிக்காது. காய், மீன், பட்டாணி, மூணே பொத்தான்தான்."

"பெட்டியை எதுல போட்டீங்க?"

"மீன்." மேனேஜர் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார். "மீனுக்குத் தொண்ணூறு நாள். இன்னியோட முடியுது. நாலு மணிக்குக் கழிவு வண்டி வரும், காலாவதியானது எல்லாம் நொறுக்கறதுக்குப் போயிடும். அது எங்க விதி. எந்த வக்கீல் வந்து கேட்டாலும் நாங்க எதையும் அழிக்கல. அதுவா காலாவதியாயிடுச்சு."

டமாரம் அக்காவைப் பார்த்தான். பட்டாணிப் பொத்தானை அழுத்தியிருந்தால் இரண்டு வருடம் கிடைத்திருக்கும். மனுஷன் விசாரணைத் தேதியை எண்ணிப் பார்த்து மீனை அழுத்தியிருக்கிறான். அடப்பாவி!

"மத்ததெல்லாம் போகட்டும். பெட்டியை எடுத்துக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு இருக்கு," என்று ஊசி காகிதத்தை நீட்டினாள். "கொடுங்க."

"தாராளமா! தராசு, அதை எடுய்யா."

தராசு என்பவர் கிடங்குப் பொறுப்பாளர். அறுபதை நெருங்கிய மனிதர், நெற்றியில் மூன்று கோடு, சட்டைப்பையில் மூன்று பேனா. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எடை போடாமல் விட்டதில்லை என்பதால் அந்தப் பெயர். அவர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து வாசலிலிருந்த எடைமேடையில் வைத்தார்.

"ஒரு கிலோ இருநூத்தி நாப்பது கிராம். லேபிள்ல இருக்கறபடியே இருக்கு," என்றார். பிரித்தார்.

உள்ளே மீன்.

நிஜ மீன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு டமாரத்தையே பார்த்தது.

மேனேஜருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. அவருக்கே இது தெரியாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது; இப்படி வெளிறிப்போக எந்த நடிகனாலும் முடியாது. தராசு மட்டும் கண் இமைக்கவில்லை.

"லேபிள்ல மீன். உள்ள மீன். சரியாத்தானே இருக்கு?" என்றார். அப்படியே மூடி, ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டுக் கழிவு வண்டிக்குப் பட்டியல் எழுதப் போய்விட்டார்.

டமாரத்தின் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு முனகினான். "கால்மணி."

வழக்குப் போட்ட பெண்தான். காலையிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை போன் செய்துகொண்டிருந்தாள், அதனால் டமாரம் வைத்த பெயர்.

"கிடைச்சுதா தம்பி?"

"ஒரு மீன் கிடைச்சிருக்கும்மா."

"என்னது?"

"கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசறோம்மா. தைரியமா இருங்க." போனை வைத்தான். மற்றவர்களிடம் எத்தனை கிண்டல் பேசினாலும் அவளிடம் அவனுக்குக் கிண்டல் வருவதில்லை. பாவம், குரல் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெலிந்துகொண்டே வந்தது.

மேனேஜருக்கு அதற்குள் நிறம் திரும்பியிருந்தது. "திருட்டு! உங்க கட்சிக்காரிதான் ஆளை வச்சு எடுத்திருப்பா. தனக்கு எதிரா இருக்குனு தெரிஞ்சிருக்கும்ல? நாளைக்குச் சொல்லிடறேன் கோர்ட்ல!"

மாடிப்படி ஏறும்போது ஊசி மெதுவாகக் கேட்டாள். "ஏண்டா, எடுத்தவன் எதுக்கு மீனை வச்சான்?"

"பெட்டிக்குத் துணையா இருக்கட்டும்னு வச்சிருப்பான். அப்புறம் துணையைக் கழட்டி விட்டுட்டான்."

"கல்லை வச்சிருக்கலாம். காலியா விட்டிருக்கலாம். கிராம் பிசகாம அதே எடைக்கு மீனைத் தேடி வாங்கி வச்சிருக்கான். இவனுக்குத் திருடத் தெரியுது, தப்பா லேபிள் ஒட்ட மனசு வரல."

"அப்படி ஒரு திருடனா?"

"அதான் யோசிச்சிட்டிருக்கேன்."

மேனேஜரின் அறை மாடியில் இருந்தது. பெரிய மேஜை, சாய்வு நாற்காலி, நாற்காலியில் உறை போட்ட ஒரு குட்டித் தலையணை. மேஜையில் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அடுக்கிய சீட்டுகள் ஒரு குவியல். சுவரில் அறைகளின் வெப்பத்தைக் காட்டும் ஒரு மின்பலகை: முதல் அறை மைனஸ் 20, இரண்டாவது மைனஸ் 21, மூன்றாவது மைனஸ் 19. நான்காவது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு காலண்டர் தொங்கியது.

"இது எதுக்கு இங்க மாட்டியிருக்கீங்க?" என்றாள் ஊசி.

"சும்மா கண்ணைக் குத்துது மேடம், சிவப்பு சிவப்பா மின்னிக்கிட்டு," என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். "கழிவு வண்டியைச் சீக்கிரமே வரச் சொன்னேன், வழி தெரியாம சுத்தறானோ என்னமோ. இருங்க, வரேன்." மீனையாவது சீக்கிரம் அனுப்பித் தொலைக்க வேண்டும் என்ற அவசரத்தில் படியிறங்கிப் போனார்.

ஊசி காலண்டரைத் தூக்கினாள்.

நான்காம் எண் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. 4.6.

டமாரம் வாயைப் பிளந்தான். "அக்கா! பெட்டி இன்னும் உயிரோட இருக்கு! அதுக்குள்ள சிம் கார்டு இருக்குல்ல? எங்க இருந்தாலும் இங்க சேதி அனுப்பும்! நோட்டீஸ்ல அணைக்கக்கூடாதுனு போட்டிருந்ததால ஒருத்தனும் அணைக்கல!"

"கத்தாதே. அது சொல்றதைக் கேளு."

எண்ணுக்குக் கீழே அன்றைக்குக் காலையிலிருந்து வெப்பம் ஏறி இறங்கிய கோடு ஓடியது. இதற்கு முந்தைய நாட்களின் கணக்கெல்லாம் பெட்டிக்குள்தான் இருக்கும். பலகை இன்றையதை மட்டும் காட்டும். பெரும்பாலும் நாலு, நாலரை. இடையிடையே சின்னச் சின்ன மேடு. ஆறு மணிக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. பதினோரு மணியிலிருந்து மட்டும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக மேடுகள்.

"நாலு டிகிரி. எங்கடா இருக்கும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் டமாரத்தைவிடத் தகுதியான ஆள் கிடையாது. "பிரிட்ஜ்! வீட்டு பிரிட்ஜ். ஒவ்வொரு மேடும் ஒரு தடவை கதவைத் திறந்தது. காலைல திறந்தது சமையலுக்கு, நல்லாத் திறந்து சாமான் எடுத்திருக்காங்க. பதினொண்ணுக்கு அப்புறம் இருக்கறது பசி இல்லக்கா. பசின்னா மேடு பெருசா வரும். இது கதவைத் திறந்து, உள்ள வெறிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் எடுக்காம மூடறது. கவலை. பரீட்சை ரிசல்ட்டுக்கு முந்தின நாள் நான் இப்படித்தான் திறந்து திறந்து மூடினேன், அம்மா பூட்டு வாங்கிப் போட்டாங்க."

ஊசி அவனை ஒரு கணம் மரியாதையோடு பார்த்தாள். அபூர்வமாக நடப்பது, அவன் நாள் குறித்துக்கொள்ளலாம்.

"பெட்டியைத் திருடி பிரிட்ஜ்ல வைக்கிற ஆள் யாரா இருப்பான்?"

"இங்க வேலை பாக்கறவன்தான். வேற எவனுக்குத் தோணும்? பரண்ல போடுவான், பையில மறைப்பான். இந்தக் கிடங்குக்காரன் மட்டும்தான் கெட்டுப்போயிடுமேனு பயப்படுவான்."

"அப்ப ஒவ்வொரு வீடாப் பாத்துடலாம். சுவத்துல ஸ்டாஃப் வீட்டு போன் நம்பர் எல்லாம் இருக்கு. மேனேஜர் வீட்லேர்ந்து ஆரம்பி."

டமாரம் தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணை அழுத்தினான். எடுத்தது மேனேஜரின் மனைவி.

"வணக்கம் மேடம், பிரிட்ஜ் கம்பெனிலேர்ந்து பேசறோம். உங்க பிரிட்ஜ் நல்லா ஓடுதானு சோதனை. கதவைத் திறந்து அஞ்சு நிமிஷம் அப்படியே வைங்களேன்."

"எந்த பிரிட்ஜை? எங்க வீட்ல மூணு இருக்கு."

"மூணையும் திறங்க மேடம்."

"மூணையுமா? என் வீட்டுக்காரர் பாத்தா கத்துவாரு. குழம்புக்குக்கூட லேபிள் ஒட்டற மனுஷன் அவரு. போன வாரம் எங்க அம்மா வந்திருந்தாங்க, அவங்க பைல ஒட்டிட்டாரு, அஞ்சு நாள்னு!"

ஊசி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் ஆனது. 4.6. நகரவே இல்லை. டமாரம் நன்றி சொல்லி, மூன்று கதவையும் மூடச் சொல்லி, அம்மாவுக்கும் விசாரிப்பு சொல்லிவிட்டு வைத்தான்.

"மேனேஜர் வீடு இல்ல. அடுத்தது தராசு," என்று பட்டியலில் விரலை ஓட்டினான். "அவருக்கு நம்பரே எழுதல. வெறும் கோடு போட்டிருக்கு."

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. கால்மணி. டமாரம் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

"தம்பி, மணி ரெண்டு ஆயிடுச்சு. ஏதாவது தெரிஞ்சுதா?" குரல் உடைந்திருந்தது. "நாளைக்குக் காலைல நான் என்னனு போய் நிக்கறது? என் வீட்டுக்காரர் வெளிநாட்லேர்ந்து தினம் கேக்கறார். நான் பொய் சொல்லலனு நீங்களாவது நம்பறீங்களா?"

"நம்பறோம்மா. அழாதீங்க."

"தொண்டையெல்லாம் காஞ்சு போச்சு. இருங்க, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கறேன்."

செருப்புச் சத்தம். ஒரு கதவு திறக்கிற சத்தம். அப்புறம் பெருமூச்சு. எதையும் எடுக்கிற சத்தம் வரவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தாள் போல.

டமாரம் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், பலகையைப் பார்த்து நிறுத்தினான். 4.9. அப்புறம் 5.8.

அவன் மெதுவாகத் தன் செல்போனைத் திருப்பி அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தான். பதினொன்று. பதினொன்றே கால். பதினொன்றரை. பலகையில் மேடுகளைப் பார்த்தான். பதினொன்று. பதினொன்றே கால். பதினொன்றரை. 7.1.

இந்த இடத்தில் வேறு எந்த உதவியாளாக இருந்தாலும் ரகசியமாக அக்காவின் தோளைத் தட்டியிருப்பான். இவன் டமாரம்.

"அக்கா! பெட்டி இந்தம்மா வீட்டு பிரிட்ஜ்லயே இருக்கு!"

கட்டடம் முழுக்கக் கேட்டது. அதில் வாசற்படியில் கால் வைத்துக்கொண்டிருந்த மேனேஜருக்கு நன்றாகவே கேட்டது.

"அப்படிப் போடு!" மேனேஜர் கைதட்டிச் சிரித்தார். "நான் சொன்னேனா இல்லையா? திருடினது அவதான்! இப்பவே எங்க வக்கீலுக்குச் சொல்றேன். சாட்சியைத் திருடி வீட்ல வச்சு நோண்டியிருக்கா. வேலை மட்டுமில்ல, உள்ளேயே போகணும் அவ!"

டமாரம் தாமதமாக வாயைப் பொத்திக்கொண்டான். ஏழைப் பெண்ணைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கிக்கொண்டு, தன் வாயாலேயே அவளைக் கொண்டுபோய்ச் சிறைவாசலில் நிறுத்திவிட்டான். அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் திட்டவில்லை.

"அம்மா, அந்தக் கதவை அப்படியே திறந்தே வைங்க," என்று ஊசி போனைப் பார்த்துச் சொன்னாள். "உள்ள பாத்து ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்..." தேம்பல். "தயிர் இருக்கு. தக்காளி. கீரை. மேல் தட்டுல வெள்ளித்தாள் சுத்தின பொட்டலம் ஒண்ணு, மீன்னு எழுதியிருக்கு."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"நான் மீனைத் தொடவே மாட்டேன், அந்த வாடையே எனக்கு ஆகாது. அது மாமா வச்சது. என் மாமனார்."

"அவர் என்ன வேலை பாக்கறார்?"

"அங்கதான் மேடம். கிடங்குப் பொறுப்பாளர். கம்பெனில உறவு சொல்லக்கூடாதுனு அவர் கண்டிப்பாச் சொல்லியிருந்தார், அதான் உங்ககிட்டயும் சொல்லல. என்னை வேலைலேர்ந்து எடுத்த நாள்லேர்ந்து அவர் என்கூட ஒரு வார்த்தை பேசல. நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சுட்டார் போல."

வாசலில் யாரோ இருமினார்கள். தராசு, கையில் கழிவு வண்டிப் பட்டியல், கையெழுத்து வாங்க வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"யோவ் தராசு!" மேனேஜர் பாய்ந்தார். "குடும்பமே சேர்ந்து திருடியிருக்கீங்களா?"

"திருட்டு இல்ல சார்." தராசு பட்டியலைக் கவனமாக மேஜைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து ஊசியிடம் கொடுத்தார். "வெளியேற்றச் சீட்டு. பதினோரு நாளுக்கு முன்னாடி போட்டது."

ஊசி வாய்விட்டுப் படித்தாள். "'நான்காம் அறையிலிருந்து வெளியே: மீன், பதிவேட்டின்படி, ஒன்று. நான்காம் அறைக்கு உள்ளே: மீன், மெய்யாகவே, ஒன்று. எடை இரண்டும் சமம். சேருமிடம்: வீட்டுக் குளிர்பெட்டி, மேல் தட்டு. பெற்றுக்கொண்டவர்...' இது உங்க மருமக கையெழுத்தா?"

"ஆமா. பால் கணக்கு நோட்டுல கையெழுத்துப் போடற மாதிரியே போட்டுடுச்சு. அது எதையும் படிக்காது."

"அனுமதித்தவர்..." ஊசி நிமிர்ந்தாள். "மேனேஜர் சார், இது உங்க கையெழுத்து."

மேனேஜர் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். அப்புறம் மேஜைமேல் இருந்த குவியலைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது, அட்டைப்பெட்டியிலிருந்த மீன் தேவலை என்று டமாரம் நினைத்துக்கொண்டான்.

"தொண்ணூறு நாள்ல காலாவதியானா நொறுக்கித்தான் ஆகணும். அது விதி," என்றார் தராசு. "முப்பது வருஷத்துல நான் விதியை மீறினது இல்ல. அந்தப் பெட்டி அந்த லேபிளோட என் அறைல இருந்தா இன்னிக்கு என் கையாலேயே வண்டில ஏத்தணும். அதான் வெளியேத்தினேன். உள்ள வச்ச மீன் என் சொந்தக் காசுல வாங்கினது, நாலு கடை ஏறி இறங்கி, எடை பாத்து."

"உங்க மருமககிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" டமாரம் கேட்டுவிட்டான். "தினம் அழுதுட்டிருக்காங்களே."

தராசு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொன்னா அது உங்ககிட்ட சொல்லும். நீங்க ஊருக்கே சொல்லுவீங்க." சட்டைப்பைப் பேனாக்களை ஒருதரம் சரிசெய்துகொண்டார். "கதவு ரப்பர் கிழிஞ்சிருக்குனு அது என்கிட்டதான் முதல்ல சொல்லிச்சு. நான் எழுதி மேல அனுப்பினேன். கேக்கல. அப்புறம் அதைத் தூக்கினப்ப நான் வாயைத் திறக்கல. வேலை போயிடும்னு பயந்தேன். அந்த மூஞ்சியைப் பாத்து என்னனு பேசறது?"

போனில் தேம்பல் நின்றுபோயிருந்தது.

"எல்லாம் சரி!" மேனேஜர் சுதாரித்துக்கொண்டார். "வீட்ல வச்சு உள்ளே இருக்கறதை மாத்தியிருக்கலாம்ல? நாளைக்கு எங்க வக்கீல் கேப்பாரு!"

"கேக்கட்டும்," என்றாள் ஊசி. "பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதிக்கிட்டே இருக்கு. உங்க அறைல மைனஸ் இருபது, அவர் பைல இருபத்தெட்டோ முப்பதோ, வீட்ல நாலு. ஒரு நிமிஷம் விட்டுப்போயிருந்தாலும் தெரிஞ்சிடும். தான் எங்கெல்லாம் போனேன்னு அதுவே சாட்சி சொல்லிடும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். பதினோரு நாளுக்கு முன்னாடி பெட்டி வெளியே போனப்ப, நாலாம் நம்பர் சிவப்பாகி அலாரம் அலறியிருக்கணுமே?"

"அலறிச்சே! காது கிழிஞ்சுபோச்சு!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, என் அட்டையைத் தேய்ச்சு அணைச்சேன். மத்தியானம் கொஞ்சம் கண்ணசர்ற நேரம். அந்த நேரத்துல எது அலறினாலும் எப்பவும் நான்தான் அணை..."

மேனேஜர் நிறுத்தினார். நாற்காலியில் இருந்த குட்டித் தலையணை எல்லோர் கண்ணிலும் பட்டது.

"எப்பவும்," என்றாள் ஊசி. "டமாரம், எழுதிக்கோ."

"எழுதணுமா? எனக்கு மறக்கவே மறக்காது. ஊருக்கே சொல்லுவேன்."

"இந்தத் தடவை சொல்லு. நாளைக்குப் பத்து மணிக்கு, கூண்டுல நின்னு."

கீழே கழிவு வண்டியின் ஹாரன் கேட்டது. மேனேஜர் அப்படியே தலையணைமேல் உட்கார்ந்தார். ஊசி நடக்கவேண்டியதை மளமளவென்று அடுக்கினாள்: நேராக வீட்டுக்குப் போவது, எடுக்கும்போது வீடியோ பிடிப்பது, அணைக்காமல் உறையில் போட்டு இரண்டு பக்கத்துக்கும் முன்னால் சீல் வைப்பது. தராசு தலையாட்டிவிட்டு மூலையிலிருந்த லேபிள் மெஷினிடம் போனார். மூன்று பொத்தானையும் சற்று நேரம் பார்த்தார். பட்டாணியை அழுத்தினார். இரண்டு வருடம் என்று அச்சாகி வந்த லேபிளைக் கிழித்து டமாரத்தின் கையில் வைத்தார்.

அப்புறம்தான் தற்செயலாகப் பலகையைப் பார்த்தார். நான்காம் எண் 14.2 என்றது. அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, என்னது இது?" இரண்டே எட்டில் மேஜைக்கு வந்து போனைக் குனிந்து எடுத்தார். எடுத்துவிட்டாரே தவிர, பேச வரவில்லை. மூன்று மாதத்துக்கு மேலாகப் பேசாத வாய், எங்கே ஆரம்பிப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

"அம்மாடி," என்றார் கடைசியில். "கதவைத் திறந்து போட்டுட்டு நிக்கறியேம்மா. மூடும்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு குரல்.

"நான் திறந்து போடல மாமா. அவங்கதான் திறக்கச் சொன்னாங்க."

"தெரியும்மா," என்றார் தராசு. "நீ திறந்து போட மாட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

கதவு மூடுகிற சத்தம் போனில் கேட்டது. பலகையில் எண் மெல்ல இறங்க ஆரம்பித்தது.